மூன்று 154: நிறமாலைகளை ஒப்பிட்டுப் படிப்பது எப்படி

இடுக்கி ஏலக்காயை ஒரு கை அள்ளி, குலுக்கி, ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்தே விலை சொல்லிவிடும் வியாபாரிகள் போடிநாயக்கனூரிலும் குமுளியிலும் நிறைய உண்டு. புற்றடியிலும் போடியிலும் ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறி வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் சாம்பிள் காயைக் கையில் உருட்டிப் பார்க்காமல் யாரும் விலை கேட்பதில்லை. காய்க்கு இது போதும். காயிலிருந்து வடித்த எண்ணெய்க்கு மூக்கும் விரலும் பாதி தூரம்தான் துணை வரும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஆய்வக அறிக்கை ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதில் நிறமாலை என்று சொல்லும், கோடும் முகடுமான நாலைந்து படங்கள், பக்கத்தில் மென்பொருள் அச்சடித்த பெயர்கள். பெரும்பாலானவர்கள் பெயரைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எம்.எஸ்சி. வேதியியலுக்குப் போனால், புராஜெக்டுக்கு எடுப்பது கைக்கு எட்டிய பொருளைத்தான்: ஏல எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், தேங்காய் எண்ணெய். ஆய்வேட்டில் நிறமாலையை ஒட்டி, அடியில் ‘நூலில் உள்ளதோடு ஒத்துப்போகிறது’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். எதோடு ஒத்துப்போகிறது, எந்த நிலையில் எடுத்தது, ஒத்துப்போகாதது எது என்ற விவரம் இருக்காது. ஆனால் விஷயமே அந்த விவரத்தில்தான் இருக்கிறது. தனியாக நிற்கிற ஒரு நிறமாலை ‘இது அது இல்லை’ என்று சொல்வதில் கெட்டிக்காரன். ‘இது அதுதான்’ என்று சொல்ல அதற்குத் துணை வேண்டும்.

கருவிக்கு ஒரு கேள்வி

ஒவ்வொரு கருவியும் மூலக்கூறிடம் வேறு வேறு கேள்வி கேட்கிறது. புற ஊதா–கட்புலன் நிறமாலை கேட்பது, இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்துத் தொடர்ந்து நிற்கும் பகுதி ஏதாவது உண்டா, எவ்வளவு நீளம் என்பதை. மஞ்சளில் உள்ள குர்க்குமினை அளக்க எல்லோரும் 425 நானோமீட்டரில் பார்ப்பது இதனால்தான். ஆனால் கிடைப்பது அகலமான ஒரு மேடு. கலப்படத்துக்குச் சேர்க்கும் மெட்டானில் மஞ்சள் சாயத்தின் மேடும் ஏறக்குறைய அதே இடத்தில் வந்து விழுகிறது. ஆகவே அளவு சொல்ல இந்தக் கருவி நல்லது, ஆளை அடையாளம் காட்ட அவ்வளவாகப் பயன்படாது. அதோடு விட்டுவிடலாம்.

அகச்சிவப்பு, அதாவது ஐ.ஆர்., பிணைப்புகள் அதிர்வதைப் படிக்கிறது. அதன் அளவுகோல் அலை எண்: ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு, வழக்கமாக 4000-இல் தொடங்கி 400 வரை. இடது பக்கம் பெரிய எண், வலது பக்கம் சிறிய எண். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் 3200 முதல் 3600 வரை அகலமாகப் பள்ளம் பறிக்கும். கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் நிற்கும் கார்பனைல் 1650-க்கும் 1800-க்கும் நடுவில் கூர்மையாக இறங்கும். 1500-க்குக் கீழே உள்ள நெரிசலைக் கைரேகைப் பகுதி என்பார்கள். மாதிரியையும் அசலையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

நிறை நிறமாலை மூலக்கூறை எலக்ட்ரானால் அடித்து உடைத்து, துண்டுகளின் எடையைப் பட்டியல் போடுகிறது. என்.எம்.ஆர்., அதாவது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒவ்வொரு கார்பனும் எந்தச் சூழலில் இருக்கிறது, ஒரே மாதிரியானவை எத்தனை என்று எண்ணிச் சொல்கிறது. நாலில் எதுவும் மற்றதற்கு மாற்று இல்லை. ஏன் என்பதை ஏல எண்ணெயை வைத்தே பார்க்கலாம்.

மூன்று 154

ஏல எண்ணெயில் பெரும் பங்கு இரண்டு பொருள்களுக்கு: 1,8-சினியோல், ஆல்பா-டெர்பினைல் அசிட்டேட். கூடவே லினலூல், ஆல்பா-டெர்பினியால் போன்றவை கொஞ்சம் கொஞ்சம். இவற்றில் சினியோல், டெர்பினியால், லினலூல் மூன்றுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே: 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். எடை 154. மாற்றியங்கள் என்று பாடத்தில் படித்தது இதைத்தான். சினியோல் யூகலிப்டஸ் தைலத்தின் நெடி, லினலூல் பூ வாசனை, டெர்பினியால் இளம் லைலாக் மணம். மூக்குக்கு மூன்றும் வேறு. தராசுக்கு மூன்றும் ஒன்று.

முதலில் நிறை நிறமாலை. சினியோலில் 154 தெளிவாகத் தெரியும். அதிலிருந்து ஒரு மெத்தில் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், எடை 15) போன 139, அப்புறம் 111, 108, 81. எல்லாவற்றிலும் உயரம் 43. டெர்பினியாலில் 154-ஐத் தேட வேண்டியிருக்கும். ஹைட்ராக்சில் இருக்கும் மூலக்கூறு அடி விழுந்த உடனே தண்ணீரை உதறிவிடும். அதனால் 136 எழுந்து நிற்கும், பின்னால் 121, 93. உச்ச முகடு 59. ஹைட்ராக்சிலைச் சுமக்கிற கார்பன் தன் இரண்டு மெத்தில்களோடு சேர்ந்து பிய்ந்து வந்த துண்டு அது. லினலூலிலும் 154 மங்கல்தான். அங்கே 71-ம் 93-ம் ஓங்கி நிற்கும்.

சரி, 43, 59, 71 என்று மூன்றுக்கும் மூன்று அடையாளம் கிடைத்துவிட்டதே, பிரச்சினை என்ன என்று கேட்கலாம். சுத்தமான பொருளைத் தனியாக ஓட்டினால் பிரச்சினையே இல்லை. ஏல எண்ணெய் பல பொருள்கள் கலந்த குழம்பு. வாயு குரோமட்டோகிராபி முதலில் அதை ஒரு நீண்ட குழாய்க்குள் ஓட்டிப் பிரிக்கிறது, பிரிந்து வரும் ஒவ்வொன்றையும் நிறை நிறமாலைக் கருவியான நிறைமானி படம் எடுக்கிறது. வாசனை எண்ணெய்களில் நிறைந்திருக்கும் டெர்பீன் குடும்பத்தில் பாதிப் பேருக்கு 93-ம் 121-ம் 136-ம் பொது. ஆல்பா-பைனீன், பீட்டா-பைனீன், சபினீன் மூன்றுக்கும் உச்ச முகடு 93, மூலக்கூறு எடை 136. மென்பொருள் தன் நூலகத்தில், அதாவது சேமித்து வைத்த நிறமாலைத் தொகுப்பில், தேடி இவற்றில் ஒன்றின் பெயரை முதலாவதாகவும் மற்ற இரண்டை அடுத்த வரிகளிலும் போடும். மதிப்பெண் வித்தியாசம் ஒன்றுமில்லாத அளவுக்கு இருக்கும்.

டெர்பினைல் அசிட்டேட் இதைவிட மோசமாக ஏமாற்றும். அதன் உண்மையான எடை 196. ஆனால் அந்த இடத்தில் முகடு இருப்பதே தெரியாது. அசிட்டிக் அமிலம், எடை 60, முதல் அடியிலேயே கழன்றுவிடும், மிச்சம் 136. பிறகு 121, 93. ‘வலது ஓரத்தில் கடைசியாக நிற்பது மூலக்கூறு எடை’ என்ற பால பாடத்தை நம்பினால், எண்ணெயில் பாதியை ஆக்சிஜனே இல்லாத ஹைட்ரோகார்பன் என்று எழுதிவிடுவோம்.

இங்கே கை கொடுப்பது தங்கும் காலக் குறியீடு. நேர்ச் சங்கிலி ஆல்கேன்களை அதே குழாயில் அதே வெப்பநிலைத் திட்டத்தில் ஓட்டி, டெக்கேன் வரும் நேரத்துக்கு 1000, உண்டெக்கேனுக்கு 1100 என்று பெயர் வைத்து, நடுவில் வருவதற்கு இடைக்கணக்குப் போடுவது. முனைவற்ற டிபி-5 வகைக் குழாயில் ஆல்பா-பைனீன் 939 பக்கம், சபினீன் 975, பீட்டா-பைனீன் 979, லினலூல் 1097, ஆல்பா-டெர்பினியால் 1189, டெர்பினைல் அசிட்டேட் 1349 பக்கம் வரும். நிறமாலை ஒத்துப்போய்க் குறியீடு நூறு புள்ளி தள்ளி இருந்தால் பெயர் தப்பு என்று அடித்துச் சொல்லலாம். ஆல்கேன் கலவையை ஓட்டாமல் வரும் அறிக்கை எனக்கு அரை அறிக்கைதான்.

இதிலும் ஒரு இடறல் உண்டு. லிமோனீன் 1029, சினியோல் 1031. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வெளியே வரும். ஏல எண்ணெயில் சினியோல் மிக அதிகம், லிமோனீன் சிறிது. எனவே படத்தில் ஒரே ஒரு பெரிய முகடு தெரியும், மென்பொருள் ‘சினியோல்’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். அப்போது செய்ய வேண்டியது, முகட்டின் ஏறு பக்கத்தில் ஒரு நொடியிலும் இறங்கு பக்கத்தில் ஒரு நொடியிலும் நிறமாலையைத் தனித்தனியே எடுத்து அருகருகே வைப்பது. ஏறு பக்கத்தில் 68 தூக்கலாகவும் இறங்கு பக்கத்தில் அடங்கியும் இருந்தால், உள்ளே லிமோனீன் ஒளிந்திருக்கிறது. ஒரே பொருளாக இருந்தால் இரண்டு பக்கமும் முகடுகளின் விகிதம் மாறாது. ஒப்பிடுவதற்கு வெளியிலிருந்து அசல் மாதிரி வாங்கக் காசில்லாத இடத்திலும் இந்த ஒப்பீட்டைச் செய்யலாம். செய்பவர்கள்தான் குறைவு.

அடுத்து ஐ.ஆர். சினியோலில் ஆக்சிஜன் ஈதராக இரண்டு கார்பன்களுக்கு நடுவே பாலம் போட்டு நிற்கிறது. ஹைட்ராக்சில் கிடையாது. ஆகவே 3400 பக்கம் வெறிச்சோடி இருக்க வேண்டும். 1080-லும் 984-லும் பலமான பட்டைகள் இருக்க வேண்டும். டெர்பினியாலும் லினலூலும் 3400 பக்கம் அகலமாக இறங்கும். லினலூலுக்கு முனையில் வினைல் என்ற இரட்டைப் பிணைப்புத் துணுக்கு இருப்பதால் 995, 920 பக்கங்களில் இரண்டு பட்டை கூடுதலாக வரும். நிறைமானியில் துண்டு துண்டாகத் தேடிய கேள்விக்கு இங்கே ஒரு பார்வையில் பதில் கிடைத்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. ‘3400-இல் ஒன்றுமில்லை, ஆகவே ஆல்கஹால் இல்லை’ என்பது பலமான வாதம். ‘3400-இல் ஏதோ இருக்கிறது, ஆகவே ஆல்கஹால்’ என்பது பலவீனமான வாதம். எண்ணெயை நீராவியில் வடிக்கிறோம். சோடியம் சல்பேட் போட்டு ஈரத்தை எடுக்காமல் ஓட்டினால் தண்ணீரே அந்த இடத்தில் உட்காரும். 1640 பக்கமும் ஒரு பட்டை சேர்ந்து வந்தால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முழு ஏல எண்ணெயை அப்படியே ஐ.ஆரில் வைத்தாலும் பேசுகிறது. 1730 பக்கம் தெரியும் எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த சேர்மம்) பட்டை டெர்பினைல் அசிட்டேட்டுடையது, 984 சினியோலுடையது. மலபார் வகைக் காயில் சினியோல் தூக்கல், கற்பூர நெடி அதிகம். மைசூர் வகையில் டெர்பினைல் அசிட்டேட் தூக்கல், வாசனை மென்மை. இரண்டு எண்ணெயையும் ஒரே நாளில் ஒரே கருவியில் எடுத்து, இந்த இரண்டு பட்டைகளின் விகிதத்தை மட்டும் பார்த்தாலே எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். யூகலிப்டஸ் தைலத்தைக் கலந்து ஏல எண்ணெயைப் பெருக்கியிருந்தாலும் விகிதம் 984 பக்கம் சாயும். ஆனால் விகிதம் சாய்ந்ததாலேயே கலப்படம் என்று எழுதிவிடக் கூடாது; மலபார் காயாகவும் இருக்கலாம் அல்லவா.

கடைசியில் என்.எம்.ஆர். கார்பன் நிறமாலையில் முகடுகளை எண்ணினாலே போதும். சினியோல் சமச்சீரான மூலக்கூறு. இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பதால் 10 கார்பனுக்கு 7 முகடுகள்தான். ஆக்சிஜனைத் தொட்ட இரண்டு கார்பன்கள் 70, 74 பிபிஎம் (என்.எம்.ஆரின் அளவுகோல்) பக்கம். இரட்டைப் பிணைப்புக் கார்பன் வரும் 110–150 பகுதி காலி. டெர்பினியாலுக்கும் லினலூலுக்கும் 10 கார்பனுக்கு 10 முகடு, 110–150-இல் டெர்பினியாலுக்கு இரண்டு, லினலூலுக்கு நாலு. ஹைட்ரஜன் நிறமாலையிலும் அப்படியே: சினியோலுக்கு 1.05-இல் மூன்று ஹைட்ரஜன், 1.24-இல் ஆறு ஹைட்ரஜன், 5 பக்கம் எதுவும் இல்லை. டெர்பினியாலுக்கு 5.4 பக்கம் ஒரே ஒரு ஹைட்ரஜன். லினலூலுக்கு 5-க்கும் 6-க்கும் நடுவே நாலு ஹைட்ரஜன், அதில் ஒன்று 5.9 பக்கம் தனியாக நாலு கிளையாகப் பிரிந்து நிற்கும். எடை ஒன்றாக இருந்து குழப்பிய மூவரும் இங்கே ஐந்து நிமிஷத்தில் பிரிந்துவிடுகிறார்கள்.

வாளையார் தாண்டும் எண்ணெய்

ஏல எண்ணெய் சின்ன வியாபாரம். எல்லை தாண்டுவதில் பெரியது தேங்காய் எண்ணெய். காங்கேயம் பக்கம் கொப்பரை உடைத்து ஆட்டிய எண்ணெய் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வாளையாரைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது. கலப்படம் என்று கேரள உணவுப் பாதுகாப்புத் துறை பல பிராண்டுகளுக்கு வெவ்வேறு சமயங்களில் தடை போட்டிருக்கிறது. ‘தமிழ்நாட்டு எண்ணெய் என்றாலே கலப்படம்’ என்று அங்கே ஒரு பேச்சு, ‘எங்கள் எண்ணெயை ஒழிக்கப் பார்க்கிறார்கள்’ என்று இங்கே ஒரு பேச்சு. இரண்டு பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டு, நிறமாலையால் இதில் என்ன சொல்ல முடியும் என்று பார்ப்போம்.

கலப்படம் திரவ பாரஃபின் என்றால் வேலை சுலபம். தேங்காய் எண்ணெய் எஸ்டர். 1745 பக்கம் கார்பனைல் பட்டை பலமாக இருக்கும், 1160 பக்கம் அதன் துணை. பாரஃபின் வெறும் ஹைட்ரோகார்பன். 2920, 2850, 1460, 1377, 720 என்று கார்பன்–ஹைட்ரஜன் பட்டைகளைத் தவிர வேறொன்றும் கிடையாது. இரண்டையும் கலந்தால் புதிய பட்டை எதுவும் தோன்றாது என்பதைக் கவனிக்க வேண்டும். பாரஃபினின் பட்டைகள் எல்லாம் தேங்காய் எண்ணெயிலும் உள்ளவையே. மாறுவது விகிதம் மட்டும்: 2920-ஓடு ஒப்பிட்டால் 1745 குறையும். ‘சந்தேகத்துக்குரிய புதிய முகடு இல்லை, ஆகவே சுத்தம்’ என்று எழுதுபவர் இங்கே கோட்டை விடுவார்.

என்.எம்.ஆரில் இதே விஷயம் கணக்காகவே வரும். எண்ணெயின் அடிப்படை மூலக்கூறான டிரைகிளிசரைடு எதிலும் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள், 2.31 பிபிஎம்மில் ஆறு ஹைட்ரஜன், சங்கிலி முனை மெத்திலுக்கு 0.88-இல் ஒன்பது. 6-க்கு 9. பாரஃபின் 0.88-இலும் 1.26-இலும் மட்டும் சேரும், 2.31-இல் சேராது. 6-க்கு 9 என்பது 6-க்கு 11, 12 என்று ஏறினால் எஸ்டர் அல்லாத எண்ணெய் உள்ளே வந்திருக்கிறது. அசல் மாதிரி கையில் இல்லாவிட்டாலும் மூலக்கூறின் சொந்தக் கணக்கே அளவுகோலாகிவிடுவது என்.எம்.ஆரின் பெரிய சௌகரியம்.

பனைக்கொட்டை எண்ணெய், அதாவது பாம் கர்னல் ஆயில், கலந்தால்தான் தலைவலி. அதுவும் டிரைகிளிசரைடு. அதிலும் பாதி லாரிக் அமிலம். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி தேங்காய் எண்ணெயில் லாரிக் 45.1 முதல் 53.2 சதவீதம், பனைக்கொட்டை எண்ணெயில் 45.0 முதல் 55.0. லாரிக்கை வைத்துப் பிரிக்கவே முடியாது. ஐ.ஆர். இரண்டையும் ஏறக்குறைய ஒரே கோடாக வரையும். ‘99 சதவீதம் பொருத்தம்’ என்று திரையில் வந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. பனைக்கொட்டை எண்ணெயை வைத்தாலும் அதைச் சுற்றித்தான் வரும்.

வித்தியாசம் ஓரத்தில் இருக்கிறது. ஒலீயிக் அமிலம் தேங்காயில் 5 முதல் 10 சதவீதம், பனைக்கொட்டையில் 12 முதல் 19. கேப்ரிலிக் தேங்காயில் 4.6 முதல் 10, பனைக்கொட்டையில் 2.4 முதல் 6.2. ஒலீயிக்கில் ஒரு இரட்டைப் பிணைப்பு உண்டு, அதனால் ஐ.ஆரில் 3006 பக்கம், பெரிய 2920 பட்டையின் தோளில், ஒரு சின்னப் புடைப்பு வரும். இரண்டு கோடுகளையும் முழு அளவில் அடுக்கினால் கண்ணுக்குத் தெரியாது. 3030 முதல் 2980 வரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி அடுக்கினால் தெரியும். என்.எம்.ஆரில் இதே இரட்டைப் பிணைப்பு 5.34-இல். பக்கத்திலேயே 5.26-இல் கிளிசராலின் நடு ஹைட்ரஜன் உரசிக்கொண்டு நிற்கும். இரண்டையும் சேர்த்து அளந்தால் கணக்கு கெடும்.

இந்த இரட்டைப் பிணைப்பைப் பார்க்க, ஒளி சிதறுவதைப் படிக்கும் ராமன் நிறமாலை இன்னும் நல்லது. ஐ.ஆரில் சோனியாக இருக்கும் கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு ராமனில் 1655 பக்கம் கணீரென்று நிற்கும். கண்ணாடிப் பாட்டிலைத் திறக்காமலே எடுக்கவும் முடியும். ராமன் விளைவைக் கண்டறிந்த 1928 பிப்ரவரி 28 என்றதும் எல்லோரும் சி.வி.ராமனைச் சொல்வார்கள். அந்த நாள்களில் கல்கத்தா ஆய்வகத்தில் பாதி வேலை செய்த கே.எஸ்.கிருஷ்ணன், இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர் என்பதை ஏனோ இந்தப் பக்கத்துக் கல்லூரிகளிலேயே சொல்வதில்லை.

தீர்ப்பு சொல்லும் கருவி, இருந்தாலும், வாயு குரோமட்டோகிராபிதான். எண்ணெயை மெத்தில் எஸ்டராக மாற்றி ஓட்டினால் கொழுப்பமிலங்கள் வரிசையாக வரும். நிறைவுற்ற மெத்தில் எஸ்டர் எல்லாவற்றிலும் 74 உச்சம், அடுத்து 87. 74 என்பது மெக்லஃபர்ட்டி மறுசீரமைப்பு என்று பாடத்தில் வருவதன் விளைவு. அந்த இரண்டும் ‘நான் மெத்தில் எஸ்டர்’ என்று மட்டும் சொல்லும், எத்தனை கார்பன் என்று சொல்லாது. அதற்கு வலது ஓரத்து மங்கல் முகட்டைப் பார்க்க வேண்டும்: கேப்ரிலிக் 158, லாரிக் 214, மிரிஸ்டிக் 242, பால்மிட்டிக் 270, ஒலீயிக் 296. உயரமான முகடு குடும்பப் பெயரையும் குட்டையான முகடு ஆளின் பெயரையும் சொல்லும் இடம் இது. நூலகத் தேடலில் மதிப்பெண்ணின் பெரும் பகுதி உயரமான முகடுகளுக்கே போகிறது என்பதை நினைவில் வைத்தால், மெத்தில் எஸ்டர்களில் கணினி ஏன் ஒன்றிரண்டு கார்பன் தள்ளிப் பெயர் சொல்கிறது என்று புரியும்.

எப்படி எடுத்தது?

ஒப்பிடும்போது இரண்டு படமும் ஒரே முறையில் எடுத்தவையா என்று பார்ப்பது முதல் வேலை. பழைய நூலில் உள்ள ஐ.ஆர். படங்கள் பெரும்பாலும் பொட்டாசியம் புரோமைடு வில்லையிலோ உப்புத் தகடுகளுக்கு நடுவிலோ ஒளியை ஊடுருவ விட்டு எடுத்தவை. இன்று கல்லூரிகளில் இருப்பது ஏ.டி.ஆர்.; வைரப் படிகத்தின் மேல் ஒரு சொட்டு வைத்தால் போதும். இதில் ஒளி மாதிரிக்குள் நுழையும் ஆழம் அலை நீளத்தோடு கூடும். அதனால் வலது பக்கப் பட்டைகள் பெருத்தும் 2900 பக்கத்துப் பட்டைகள் இளைத்தும் தெரியும். சற்று முன் சொன்ன 1745-க்கும் 2920-க்கும் உள்ள விகிதத்தை ஏ.டி.ஆரில் அளந்து, பழைய ஊடுருவல் படத்தோடு ஒப்பிட்டால், 1745 கூடுதலாகத் தெரிந்து கெட்ட எண்ணெய் தப்பிக்கலாம். மூணாறு மழைக்காலத்தில் பொட்டாசியம் புரோமைடு வில்லை பிடித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: தூள் ஈரத்தைக் குடித்து, எந்தப் பொருளை வைத்தாலும் 3400-இல் ஹைட்ராக்சில் இருப்பதாகக் காட்டும்.

நிறைமானியில் எல்லோரும் 70 எலக்ட்ரான் வோல்ட்டில் அடிப்பதால்தான் நூலகம் என்ற ஒன்றே சாத்தியமாயிற்று. எலக்ட்ரோஸ்பிரே முறையில் எடுத்தால் கதை வேறு. மூலக்கூறு உடையாமல் ஒரு புரோட்டானையோ சோடியத்தையோ ஒட்டிக்கொண்டு வரும். எடை 154 உள்ளது 155 அல்லது 177 என்று காட்டும். அதை 70 வோல்ட் நூலகத்தில் போட்டுத் தேடுவதில் பயன் இல்லை. என்.எம்.ஆரில் 60 மெகாஹெர்ட்ஸ் மேஜைக் கருவிக்கும் 400 மெகாஹெர்ட்ஸ் பெரிய கருவிக்கும் பிபிஎம் ஒன்றே, ஹெர்ட்ஸ் கணக்கிலான பிளவும் ஒன்றே, ஆனால் படம் வேறாகத் தெரியும். பெரியதில் தனித்தனியாக நிற்பவை சிறியதில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும்.

அழையாத விருந்தாளிகளையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஐ.ஆரில் 2349 பக்கம் இரட்டை முகடு வந்தால் அது எண்ணெயில் இல்லை, அறையின் காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடு. பின்னணி எடுத்த நேரத்துக்கும் மாதிரி எடுத்த நேரத்துக்கும் நடுவே அறையில் ஆள் கூடியிருந்தால் கூட வரும். முன்னால் ஒருவர் தேங்காய் எண்ணெயை வைத்துவிட்டுப் படிகத்தைச் சரியாகத் துடைக்காமல் போனால், அடுத்தவரின் யூகலிப்டஸ் தைலத்தில் 1745 முளைக்கும். நிறைமானியில் 207, 281 என்று தொடர்ந்து வந்தால் குழாயின் சிலிக்கோன் பூச்சு கரைகிறது. 149 உயர்ந்து நின்றால் பிளாஸ்டிக்கிலிருந்து வந்த தாலேட். தோட்டத்திலிருந்து எண்ணெயைக் காலித் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறும் வழக்கம் இருக்கிற வரை அந்த 149-ஐ ‘ஏலக்காயில் புதிய சேர்மம்’ என்று யாராவது எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள். என்.எம்.ஆரில் 7.26 குளோரோஃபார்ம், 1.56 பக்கம் அதில் கரைந்த தண்ணீர், 2.17 குழாய் கழுவிய அசிட்டோன்.

ஒன்று மாதிரி இருக்கும் மூன்று

பூச்சிக்கொல்லி எச்சம், தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டு வழியாகப் போகும் காய்கறிக்கும், அங்கிருந்து வரும் ஏலக்காய்க்கும் பொதுவான தலைவலி. இங்கே நிறைமானிக்கு ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் வேறு வேறு எடையுள்ள அணுக்கள், உதவுகின்றன. குளோரினில் 35, 37 என்று இரண்டு வகை, மூன்றுக்கு ஒன்று கணக்கில். புரோமினில் 79, 81, ஏறக்குறைய சரிபாதி. ஆகவே இரண்டு எடை தள்ளி இரண்டு முகடுகள் சம உயரத்தில் நின்றால் ‘புரோமின் ஒன்று’ என்று மாணவர்கள் உடனே எழுதிவிடுவார்கள்.

குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். அதன் முக்கியத் துண்டு 197. பக்கத்தில் 199, அதுவும் கிட்டத்தட்ட அதே உயரம். பார்த்தால் அச்சு அசல் புரோமின். ஆனால் அந்தத் துண்டில் இருப்பது மூன்று குளோரின். கணக்குப் போட்டால் 197, 199, 201 மூன்றும் 100-க்கு 96-க்கு 31 என்று வரும். புரோமின் ஒன்றாக இருந்தால் 201-இல் ஏறக்குறைய ஒன்றுமிருக்காது. முடிவு முழுவதும் அந்த மூன்றாவது, குட்டையான முகட்டில் இருக்கிறது. எச்சம் மிகக் குறைவாக இருந்து 201 இரைச்சலில் மூழ்கிவிட்டால், நிறமாலையால் முடிவு சொல்ல முடியாது. செறிவூட்டி மறுபடி ஓட்ட வேண்டும், அசல் குளோர்பைரிஃபாஸையும் அதே குழாயில் ஓட்டித் தங்கும் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

நூலகப் பொருத்தத்தின் மதிப்பெண்ணைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்து நூலகத் தேடலில் முழு மதிப்பு 999. 900-க்கு மேல் போனால் மிக நல்ல பொருத்தம், 800-க்கு மேல் நல்லது, 700-க்கு மேல் பரவாயில்லை என்பது அவர்களே சொல்லும் கணக்கு. அது நிகழ்தகவு கிடையாது. 920 என்றால் 92 சதவீதம் அதுவேதான் என்று பொருள் இல்லை. நூலகத்தில் இருப்பவற்றுள் இதற்கு நெருக்கமானது இது, இவ்வளவு நெருக்கம் என்று மட்டும் பொருள். நூலகத்தில் இல்லாத பொருளை வைத்தாலும் கணினி சும்மா இருக்காது, யாரையாவது முதலிடத்தில் நிறுத்தும். முதல் வரியின் மதிப்பெண்ணைவிட, முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பது என் வழக்கம். சபினீன் 931, பீட்டா-பைனீன் 929, ஆல்பா-பைனீன் 926 என்று வந்தால் நூலகம் நமக்குச் சொன்ன செய்தி, ‘எனக்குத் தெரியாது’ என்பதே.

காசில்லாமல் அசலைப் பார்க்க வேண்டுமானால் ஜப்பானின் ஏ.ஐ.எஸ்.டி. நிறுவனம் நடத்தும் எஸ்.டி.பி.எஸ். தளத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களின் நிறமாலைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே சேர்மத்துக்கு ஐ.ஆரும் என்.எம்.ஆரும் நிறையும் ஒரே பக்கத்தில் இருப்பது அதன் சிறப்பு. ஒவ்வொரு படத்திலும் எந்தக் கரைப்பான், எந்த முறை என்று எழுதியிருக்கும். படத்தைவிட அந்த வரியை முதலில் படிக்க வேண்டும்.

மலைப்பக்கத்துக் கல்லூரிகளில் ஐ.ஆர். வரை உண்டு, என்.எம்.ஆருக்கும் நிறைமானிக்கும் வெளியே அனுப்பத்தான் வேண்டும். கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் எஸ்.டி.ஐ.சி. என்ற சோதனை மையம் இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யில் சைஃப் என்ற கருவி மையம் இருக்கிறது. கட்டணம் கட்டிக் கூரியரில் அனுப்பினால் முடிவு மின்னஞ்சலில் வரும். பெரும்பாலானவர்கள் பி.டி.எஃப். மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். அதில் முகடுகளின் உயரம் அச்சடித்தவர் வைத்த அளவில் உறைந்து நிற்கும், 5.26-ஐயும் 5.34-ஐயும் பிரித்துத் தனியே அளக்க முடியாது, முகட்டின் ஏறு பக்கத்தையும் இறங்கு பக்கத்தையும் தனித்தனியே எடுக்க முடியாது. விண்ணப்பத்திலேயே ‘மூலக் கோப்பும் வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திறந்து பார்க்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.